மூட்டைக்குக் காவலாக ஆச்சியை உட்கார வைக்காதீர்கள்

எந்தத் தீம் பார்க்கிற்குப் போனாலும் நீர் விளையாட்டுப் பகுதியின் ஓரத்து நிழலைப் பாருங்கள். ஐந்தாறு பைகள் குவிந்திருக்கும். அவற்றின் நடுவே ஓர் ஆச்சியோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார். அவருக்கும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே அழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால் காலையில் உட்கார்ந்தவர், எல்லோரும் கிளம்பும்போதுதான் எழுந்திருப்பார். யாரும் வேண்டுமென்று அவரை அப்படி உட்கார வைப்பதில்லை. முந்தின நாள் இரவு வீட்டில் கட்டிய மூட்டைதான் உட்கார வைக்கிறது. ஆகவே, என்ன கொண்டுபோவது என்று யோசிக்கும்போது முதலில் இதை யோசியுங்கள்: காவலுக்கு ஆள் கேட்கும் சாமான் எதுவும் பூங்காவுக்குள் வரக்கூடாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையில் குளிக்கப் போவதென்றால் குற்றாலம், இல்லாவிட்டால் பாபநாசம், மணிமுத்தாறு. தூக்குச்சட்டி நிறையச் சோறு, ஆளுக்கொரு துண்டு, மாற்றுத்துணி, உட்கார ஒரு ஜமுக்காளம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அங்கே அது சரி. ஒருவர் மாற்றி ஒருவர் அருவிக்குப் போய்வரலாம், நிழல் பார்த்து விரித்து எல்லோரும் கூடிச் சாப்பிடலாம். கன்னியாகுமரி பேவாட்சுக்கோ, மதுரை பரவையில் உள்ள ‘அதிசயம்’ பூங்காவுக்கோ, கொச்சி வொண்டர்லாவுக்கோ கிளம்பும்போதும் கை தன்னால் அதே மூட்டையைக் கட்டுகிறது. ஆனால் பூங்காவின் நடைமுறை வேறு. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொருள் வைக்கும் லாக்கர் சிறியது. ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் வெயிலில் நடந்து போய் வரிசையில் நிற்க வேண்டும்.

கட்டுச்சோறு எங்கே நிற்க வேண்டும்?

பெரும்பாலான பெரிய பூங்காக்கள் வெளி உணவை உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தையின் உணவு, நோயாளிக்கான மருந்து ஆகியவற்றுக்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. இது தெரியாமல் பத்துப் பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்து, வாசலில் காவலாளியிடம் வாதாடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்தவரின் உழைப்பு அது. அந்தச் சோற்றைப் பிற்பகலில் வேனுக்குள்ளிருந்து எடுத்தால் பாதி கெட்டிருக்கும்.

கட்டுச்சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்குரிய வேளை வழிப்பயணம். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி 85 கிலோமீட்டர்தான். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மதுரை 160 கிலோமீட்டர் அளவில் வரும். காலைப் பலகாரத்தை வழியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட வேண்டும். கொச்சிக்குப் போகிறவர்கள் பலர் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். தூத்துக்குடியில் புறப்பட்டு நெல்லை, தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக இரவோடு இரவாக மலையைத் தாண்டிக் காலையில் எர்ணாகுளம் சேரும் ரயில் அது. அதற்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைவிட நல்ல உணவு இல்லை. சட்னி வேண்டாம். தேங்காய் சேர்ந்த எதுவும் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய் சாதமும் அப்படியே. புளியோதரை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் புளியின் அமிலமும் எண்ணெயும். அதையும் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து நீர் கோத்துக் கெடும். அகலமான தாம்பாளத்தில் சோற்றை ஆறவிட்டுப் பிறகு கிளறுங்கள். முட்டை, இறைச்சி, தயிர்ச்சோறு போன்றவற்றை, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லப்படும் விதி. ஏப்ரல், மே விடுமுறையில் நம் பக்கத்தில் எல்லா நாளும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

மதிய உணவை உள்ளே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கான பணத்தையும் டிக்கெட் பணத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அது கட்டுப்படியாகாது என்று தோன்றினால், வெளியே போய்வர அனுமதி உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். அனுமதிக்கும் இடங்களில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். வாசலில் போய் நின்றுகொண்டு கேட்பதில் பயனில்லை.

பெண்களுக்கு உடை எடுத்து வைக்காத தவறு

பிள்ளைகளுக்கு நீச்சல் உடை எடுத்து வைக்கிறோம், ஆண்களுக்கு அரைக்கால் சட்டை எடுத்து வைக்கிறோம். பெண்களுக்கு எதுவும் எடுத்து வைப்பதில்லை. 'நான் தண்ணீரில் இறங்கமாட்டேன்' என்று அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு விடுகிறோம். அங்கே போன பிறகு அலைக் குளத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வரும். ஆனால் புடவையோடும் துப்பட்டாவோடும் இறங்க விடமாட்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது. பருத்தித் துணி நீரைக் குடித்துக் கனக்கும், காலைச் சுற்றும், அதன் நூலும் பிசிறும் வடிகட்டியில் போய் அடைக்கும். அதனால்தான் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை உடையைக் கேட்கிறார்கள். குற்றாலத்துக்கு எடுத்துப்போகும் சாரம் என்கிற லுங்கியும் பாவாடையும் இங்கே செல்லாது.

முழுக்கை மேலுடையும் கணுக்கால் வரை நீளும் காலுடையும் சேர்ந்த நீச்சல் உடைகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. கூச்சப்படத் தேவையில்லாத உடை அது. விளையாட்டுத் துணி விற்கும் கடையில் அல்லது இணையத்தில் ஒரு வாரம் முன்பே வாங்கி, அளவு போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்காக் கடையில் அவசரத்துக்கு வாங்கினால் விலையும் கூடும், அளவும் அமையாது. ஆச்சிக்கும் ஒன்று வாங்குங்கள். அவர் இறங்குவதும் இறங்காததும் அவர் விருப்பம். உடை இல்லாத காரணத்தால் கரையில் இருக்கும்படி ஆகக்கூடாது. பொத்தான், ஜிப், உலோகக் கொக்கி உள்ள கால்சட்டைகளையும் தவிருங்கள். சறுக்கும்போது சறுக்குப்பாதையையும் கீறும், தோலையும் கீறும். ஊக்கு அதைவிட ஆபத்து.

மாதவிலக்கு நாளோடு பயணம் சேர்ந்துவிடும் என்று தெரிந்தால் அதை வீட்டிலேயே வெளிப்படையாகப் பேசி விடுங்கள். சாதாரண நாப்கின் நீரை உறிஞ்சி ஊதிவிடும், நீரில் பயன்படாது. மாதவிடாய்க் கோப்பைக்குப் பழகியவர்கள் இறங்கலாம். மற்றவர்கள் தரைச் சவாரிகளை வைத்துக்கொள்ளலாம். பயணத் தேதியையே மாற்றலாம். கைக்குழந்தைகளின் டயப்பரும் அப்படித்தான். நீச்சலுக்கென்று தனி டயப்பர் உண்டு.

நகையும் பூவும் எண்ணெயும்

வெளியூர் போகிறோம் என்று கழுத்தில் காதில் போட்டுக்கொண்டு கிளம்புவது நம் வழக்கம். பூங்காவுக்கு அது வேண்டாம். அலைக் குளத்தில் கழன்ற மோதிரத்தை யாரும் தேடித் தர முடியாது. காவலுக்கு ஆள் தேவைப்படுவதும் பெரும்பாலும் நகையால்தான்: கழற்றிப் பையில் போட்ட நகைக்காகவே ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குழந்தையின் கொலுசையும் வெள்ளி அரைஞாணையும் வீட்டிலேயே கழற்றுங்கள். குளோரின் பட்டால் வெள்ளி கறுக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போவது நல்ல வழி.

தலையில் பூ வேண்டாம். உதிர்ந்த இதழும் நாரும் நீரில் போய்ச் சேரும். நீளமான கூந்தலைப் பின்னிக் கொண்டையாகக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் விரித்த கூந்தலும் துப்பட்டாவும் சக்கர அச்சில் சிக்கி உயிர்போன விபத்துகள் நடந்திருக்கின்றன. இதில் மட்டும் பிள்ளைகள் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். குற்றாலத்து அருவிகளிலேயே எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்குத் தடை இருக்கிறது. குளத்து நீரின் வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் குளோரின் மட்டும் காரணமல்ல. உடம்பிலிருந்து சேரும் வியர்வையோடும் சிறுநீரோடும் அது கலக்கும்போது குளோரமின் என்ற பொருள் உண்டாகிறது. எரிச்சல் தருவது அதுதான். இறங்கும் முன் நல்ல தண்ணீரில் ஒரு முறை குளித்துவிட்டுப் போனால் நமக்கும் நல்லது, கூட இறங்குகிறவர்களுக்கும் நல்லது.

மருந்தைக் காரில் விட்டுவிடாதீர்கள்

மற்றவற்றை மறந்தால் வாங்கிக்கொள்ளலாம். மருந்தை அப்படி விட முடியாது. வெயிலில் நிற்கும் கார் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. உறைந்தாலும் அதன் வீரியம் போய்விடும். ஐஸ்கட்டியில் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி, வாய் அகன்ற பிளாஸ்க்கில் வைத்து, கையோடு உள்ளே கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டு ஒன்றையும் வைத்திருந்தால் வாசலில் கேள்வி எழாது. சர்க்கரை நோயாளிகள் நாலு சாக்லேட்டோ குளுக்கோஸோ சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது சாப்பாட்டு நேரம் தவறிப்போகும். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் லாக்கரில் இருந்து பயனில்லை. பவர் பேங்கையும் காரில் விடாதீர்கள், சூட்டில் அது ஆபத்து.

உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இரண்டு மூன்று போதும், பாரமும் இல்லை. பொட்டலத்தின்மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதையும் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை டம்ளரில் கலக்குவது தவறு. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானத்தை அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. காலித் தண்ணீர்ப் புட்டியை உள்ளே கொண்டுபோய்க் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் சுற்றும் சவாரியில் ஏறி இறங்கிய பிறகு போடுகிறார்கள். கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். அது தூக்கத்தையும் கொண்டுவரும், ஆகவே வண்டி ஓட்டுகிறவருக்குக் கூடாது. குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சன்ஸ்கிரீன் பூசுவதிலும் இதே நேரக் கணக்கு உண்டு. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை வெயிலுக்குப் போகும் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணிக்கொரு முறையும் நீரிலிருந்து ஏறிய பிறகும் திரும்பப் பூச வேண்டும்.

பணம், கைபேசி, செருப்பு

ஆளுக்கொரு கைபேசி வேண்டாம். படமெடுக்க ஒன்று போதும். மற்றவை லாக்கரில் இருக்கட்டும். நீர் புகாத உறை வாங்கினால், முதல் நாள் இரவே அதற்குள் காகிதக் கைக்குட்டையை வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். ஈர விரலில் கியூ.ஆர். பணம் செலுத்துவது சிரமம், கொஞ்சம் ரொக்கம் வேண்டும். புதுச் செருப்பு காலைக் கடிக்கும். பின்வார் உள்ள பழைய செருப்பைப் போடுங்கள். கண்ணாடி அணிகிறவர்களுக்குப் பின்பட்டி வேண்டும். கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் இறங்கக்கூடாது. நீரிலுள்ள நுண்ணுயிர் அதன் அடியில் தங்கிக் கண்ணைப் பாதிக்கும்.

கிளம்பும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து விடுங்கள். பல பூங்காக்களில் சிறுவர் கட்டணத்தை முடிவு செய்வது உயரம்தான், வயதல்ல. பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் கேட்பார்கள். 'நீ அதில் ஏறலாம்' என்று வாக்குக் கொடுத்து அழைத்துப்போய் அங்கே பிள்ளை அழும்படி செய்ய வேண்டாம். கல்லூரி அடையாள அட்டை, மூத்த குடிமகனுக்கு வயதைக் காட்டும் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணச் சலுகை இருந்தால் கேட்பார்கள். சிறு பிள்ளையின் கையில் அப்பாவின் கைபேசி எண்ணை அழியாத மார்க்கரால் எழுதுங்கள், பேனா மை முதல் முழுக்கிலேயே போய்விடும்.

இனி எப்படிக் கட்டுவது? இரண்டு பைதான். உள்ளே வரும் பையில் நீச்சல் உடை, மெல்லிய துண்டு, மருந்து, சன்ஸ்கிரீன், காலிப் புட்டி, பணம் மட்டும். குடும்பத்துக்கு ஒரு லாக்கரில் அடங்கவில்லை என்றால் எடையைக் குறையுங்கள், இரண்டாவது லாக்கர் எடுக்காதீர்கள். திரும்பும்போது போடும் உலர்ந்த துணி, சீப்பு எல்லாம் வேனில் இருக்கும் இரண்டாவது பையில். ரயிலில் போகிறவர்கள் அந்தப் பையை எர்ணாகுளத்தில் ரயில் நிலையப் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டுப் போகலாம். அங்கே பையைப் பூட்டித்தான் கொடுக்க வேண்டும், சின்னப் பூட்டு ஒன்று மறக்காதீர்கள்.

ஈரத்துணிக்கு மெல்லிய பாலிதீன் பை போதாது, கிழிந்து வண்டியெல்லாம் நனையும். பத்துக் கிலோ அரிசி வந்த பை வீட்டில் இருக்கும். கழுவிக் காயவைத்து மடித்து எடுத்துப்போனால் நாலு பேர் ஈரத்துணியும் அதில் அடங்கும். ஈரத்தோடு குளிர்சாதன பஸ்ஸில் உட்காராதீர்கள், பிள்ளைகளுக்கு மறுநாளே சளி பிடித்தது போல் இருக்கும் என்பதோடு இருக்கையும் நனையும். வீடு சேர்ந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், அந்தப் பையைத் திறந்து நீச்சல் உடைகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திவிடுங்கள். குளோரினோடு இரவு முழுக்கக் கிடந்தால் நிறம் மங்கி இழை தளர்ந்துவிடும். ஆச்சிக்கு வாங்கியது அடுத்த விடுமுறைக்கு ஆகாது.