வெளிநாட்டு நண்பரை நம் கல்யாணத்துக்குக் கூட்டிப் போவது எப்படி?

போன தை மாதம் கும்பகோணத்தில் அத்தை மகள் கல்யாணம். என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர், மனைவியோடு தானும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, ரயில், லாட்ஜ் விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடங்குகளுக்கு அர்த்தம் சொல்லி வகுப்பெடுக்காதீர்கள். ரயிலில் மூன்று மணி நேரம் சப்தபதி, கன்னிகாதானம் என்று பேசிக்கொண்டே போனேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. எப்போது எழுந்திருப்பது, கையில் கொடுப்பதை என்ன செய்வது, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும்.

படி 1: உடுப்பு

ஆணுக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டிதான், மறுபேச்சே இல்லை. எட்டு முழத்தைச் சுற்றிவிட்டுப் பெல்ட் போட்டால் போதும் என்பார் உங்கள் மாமா. கேட்காதீர்கள். பெண்ணுக்குச் சேலையைவிட ஜாக்கெட்தான் தலைவலி. தைக்க நாள் இல்லையென்றால் இழுத்தால் நீளும் ரெடிமேட் ஜாக்கெட் வாங்குங்கள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், ஊக்கு பத்தாவது இருக்கட்டும். கறுப்புச் சேலை வேண்டாம். காலுக்குச் செருப்பு போதும். மேடையேறும் ஒவ்வொரு முறையும் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது.

படி 2: நேரம்

பத்திரிகையில் 'காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்று இருந்தது. திங்கட்கிழமை, 7.30-க்கு ராகு காலம் பிறந்துவிடும். நண்பர் அதைப் படித்துவிட்டு, 6-க்கு ஆரம்பித்து 7.30-க்கு முடியும் என்று புரிந்துகொண்டார். அந்த நேரத்துக்குள் தாலி ஏறவேண்டும் என்பதுதான் கணக்கு என்று சொல்லி, ஐந்தரைக்கே மண்டபத்தில் உட்கார வைத்துவிடுங்கள். காபி கிடைக்கும்.

படி 3: அட்சதை (நான் கோட்டை விட்ட இடம்)

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன் தட்டோடு வந்து ஆளுக்கு ஒரு பிடி மஞ்சள் அரிசியும் உதிரிப்பூவும் கொடுத்துவிட்டுப் போனான். நான் வீடியோக்காரர் முதுகைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், நண்பர் அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்! முந்தின நாள் கோயிலில் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வாங்கிச் சாப்பிடச் சொன்னவனே நான்தான். கையில் கொடுத்தால் பிரசாதம் என்று மனிதர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். துப்பவா விழுங்கவா என்று கண்ணாலேயே கேட்டார்.

அவர் மனைவி வேறு விதம். கூரைப்புடவை கட்டிக்கொண்டு பெண் வந்ததுமே மொத்தத்தையும் வீசிவிட்டார். முன்வரிசைப் பெரியவர் தலையெல்லாம் மஞ்சள். தாலி கட்டும்போது அவர் கை காலி.

அதனால் இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: அரிசியை வலது கையில் மூடி வைத்துக்கொள், சாப்பிடாதே, கெட்டி மேளம் வரை வீசாதே. கெட்டி மேளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவரை நாதஸ்வரம் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். ஐயர் மேளக்காரர் பக்கம் விரலை ஆட்டுவார். உடனே தவில் தடதடவென்று பொரிந்து தள்ளும். அப்போது எழுந்து வீசலாம்.

முன்வரிசையில் இடம் பிடிக்காதீர்கள், காமிராக்காரர்களின் முதுகுதான் தெரியும். மேடைக்குப் பக்கவாட்டில், மேளக்காரர்கள் அருகே நின்றால் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது வரை தெளிவாகத் தெரியும். காது அடைத்துப்போகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

படி 4: பந்தி

வலது கையால் சாப்பிடச் சொல்ல மறக்க மாட்டீர்கள். மறப்பது இதைத்தான்: இலை காலியானால் திரும்ப விழும். தட்டில் மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர் நண்பர். வைக்க வைக்க முடித்தார், முடிக்க முடிக்க வைத்தார்கள். உருளைக்கிழங்கு கறி நான்காவது தடவை வந்தபோது முகம் வெளுத்துவிட்டது. இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி 'போதும்' என்று சொல்ல, முதல் நாளே பழக்கிவிடுங்கள். ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டிக் கரை கட்டவும் சொல்லித்தாருங்கள், இல்லாவிட்டால் வேட்டியில்தான் ஓடும். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில்.

படி 5: மொய்

501 அல்லது 1001. ஒரு ரூபாய்க் காசு ஒட்டியே வரும் கவரை வாங்கிப் பெயரெழுதிக் கொடுத்தால் முடிந்தது. கிளம்பும்போது தாம்பூலப் பை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அது கூச்சப்படாமல் வாங்க வேண்டியது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார், அவருடைய விருந்தாளி கவரில் 50 யூரோ நோட்டு வைத்துவிட்டாராம். மொய் எழுதுகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மொய் நோட்டுப் புத்தகத்தில் 'வெளிநாட்டு நண்பர் – ரூ. 50' என்று எழுதி வைத்துவிட்டாராம். முன்கூட்டியே ரூபாயாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.