எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் கிராண்ட்: மேட்ச் கணக்கை முதல் நாளே ஆரம்பிங்க

அமெரிக்காவுல ஒரு சின்ன டவுன்ல இருக்கீங்க, அங்க எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் ஆபீஸுக்கு வாலண்டியரா உதவி பண்றீங்கன்னா இது உங்களுக்குத்தான். நான் சொல்றது ஈ.எம்.பி.ஜி கிராண்ட், அதாவது எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் பெர்ஃபார்மன்ஸ் கிராண்ட், பேரிடருக்குத் தயாராக அரசு கொடுக்கிற நிதி. அமெரிக்க மத்திய அரசோட பேரிடர் அமைப்பான ஃபீமா மாநிலத்துக்குக் கொடுக்கும், மாநிலம் கவுண்டிக்கும் டவுனுக்கும் பிரிச்சுக் கொடுக்கும், அதனால அப்ளிகேஷன் போறது மாநில ஆபீஸுக்கு.

1. யூ.இ.ஐ நம்பர்

ஃபெடரல் பணம் வாங்குற அமைப்புக்கான அடையாள நம்பர் இது, அரசோட சாம் டாட் கவ் (SAM.gov) சைட்ல வாங்கணும், எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் இருக்கும். இதுக்கு முன்னாடி இருந்த டன்ஸ் நம்பர் 2022 ஏப்ரலோட போயிடுச்சு. யூ.இ.ஐ வாங்க ஒரு பைசா கிடையாது, காசு கேட்டு மெயில் வந்தா தொடவே தொடாதீங்க. டவுனோட பேர், அட்ரஸ் ரெண்டும் ஆவணத்துல இருக்கிற மாதிரியே அச்சு அசலா இருக்கணும்.

2. மேட்ச்

நாங்க மாட்டுன இடம் இதுதான். மேட்ச்னா நீங்க போடுற பங்கு: கிராண்ட்ல 1 டாலர் வந்தா உங்க பக்கமும் 1 டாலர் காட்டணும், பாதிக்குப் பாதி. ரொக்கமாத்தான் இருக்கணும்னு இல்ல, வாலண்டியர் உழைச்ச நேரத்தையும் காட்டலாம். நாங்க ஒரு சனிக்கிழமை முழுக்க ஷெல்டர் டிரில் (நிவாரண முகாம் ஒத்திகை) நடத்துனோம், கட்டில் விரிச்சு, ஜெனரேட்டர் ஓட்டி, ஆளுங்கள பதிவு பண்ணி எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஆனா கையெழுத்து ஷீட்ல பேர் மட்டும்தான் இருந்துச்சு, எப்ப வந்தாங்க எப்ப போனாங்க என்ன வேலை செஞ்சாங்கன்னு ஒண்ணுமே இல்ல. அத்தனை பேர் உழைப்புல ஒரு மணி நேரம்கூட கணக்குல சேரல. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

இப்போ ஷீட்ல தேதி, வந்த நேரம், போன நேரம், செஞ்ச வேலை, பொறுப்பாளர் கையெழுத்து எல்லாம் இருக்கும், அன்னைக்கு சாயங்காலமே முடிச்சிடுவோம். ஆப் எல்லாம் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், கிளிப்போர்டும் பேனாவும் போதும், ராத்திரி கூகுள் ஷீட்ஸ்ல ஏத்திக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு மனசுல தோணுற ரேட் போடாதீங்க, அதே மாதிரி வேலைக்கு உங்க டவுன் கொடுக்கிற சம்பளத்தைப் பாத்துப் போடுங்க. இங்க காட்டுன மணி நேரத்தை இன்னொரு ஃபெடரல் கிராண்ட்லயும் காட்டக் கூடாது.

3. செலவு

பெரும்பாலும் முதல்ல நீங்க செலவு பண்ணி, பில்லு காட்டித்தான் திரும்ப வாங்கணும். அதனால டவுன் கணக்கு பாக்குறவங்ககிட்ட முன்னாடியே பேசிடுங்க. பொருள் வாங்குறதுக்கு முன்னாடி ஃபீமாவோட ஆத்தரைஸ்டு எக்விப்மென்ட் லிஸ்ட்ல (வாங்க அனுமதிச்ச பொருட்களோட பட்டியல்) அது இருக்கான்னு பாருங்க.

அப்டேட்: ஜெனரேட்டருக்கு இப்பவே மேடை கட்டி வச்சிடலாமான்னு கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்ங்க. குழி தோண்டுறது, சுவத்துல ஓட்டை போடுறது மாதிரி வேலைக்கெல்லாம் சுற்றுச்சூழல், பழமைச் சின்னம் சம்பந்தப்பட்ட ஈ.எச்.பி ரிவ்யூ முடிஞ்சு ஃபீமா ஓகே சொல்லணும். அதுக்கு முன்னாடி மண்வெட்டி எடுத்தா அந்தச் செலவுக்குப் பணம் வராம போயிடும்.