எச்சிவேரியா வளர்க்க உப்பு ஜாடியைப் பாருங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாத சீசனில் ஊட்டி போனபோது ரோட்டோரக் கடையில் நாலு எச்சிவேரியா வாங்கினேன். தடித்த சதைப்பற்றான இலையில் தண்ணீரைச் சேமித்துவைக்கும் சின்னச் செடி இது. சாம்பல் நீலத்தில், அடுக்கடுக்காக, கல்லில் செதுக்கிய ரோஜா மாதிரி இருந்தன. கோத்தகிரியில் எங்கள் ஜன்னலில் கொண்டுவந்து வைத்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கா கண்ணு?" என்றார். நவம்பரில் நாலும் அழுகிப்போயின. பிளாஸ்டிக்கே வாங்கியிருக்கலாம்.

இப்போது அதே ஜன்னலில் 11 செடிகள் இருக்கின்றன. இடையில் என்னென்ன மாற்றினேன் என்பதை எழுதிவைக்கிறேன். சமவெளிக்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

1. ஜன்னல்

கிழக்கு ஜன்னல்தான் நல்லது. காலை வெயில் நாலு மணி நேரமாவது விழவேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் அடுக்கு கலைந்து, தண்டு நீண்டு, இலைகள் கீழே மடங்கும். நீண்ட தண்டு மறுபடி குறுகாது. மேகம் இறங்கிக் கிடக்கும் மாதங்களில் 20 வாட் வெள்ளை எல்இடி பட்டி விளக்கைச் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டி, காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை எரியவிடுகிறேன். ஊதா வெளிச்சம் அடிக்கும் விளக்கை வாங்காதீர்கள். வெள்ளையே போதும், வீடும் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆகாது.

2. மண், தொட்டி

டீத்தோட்டத்துச் செம்மண் வேண்டவே வேண்டாம். நனைந்தால் களியாகிவிடும். தென்னை நார்த்தூளும் வேண்டாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் நம் ஊர் ஈரத்தில் அது பிழியாத துணி மாதிரி அப்படியே இருக்கும்.

என் கலவை: இலைமக்கு ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, எம் சாண்ட் ஒரு பங்கு. செங்கல் துண்டு கொண்டைக்கடலை அளவு இருக்கட்டும். எம் சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழும் தூளைக் கொட்டிவிட்டு, மேலே நிற்பதைக் கழுவிக்கொள்ளுங்கள். தூளோடு போட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

தொட்டி மண்தொட்டி, நாலு அங்குலம், அடியில் ஓட்டை. ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி விற்கிறார்களே, அது பரிசு கொடுக்க மட்டும்தான்.

இன்னொன்று. வாங்கிய செடியை அப்படியே நடாதீர்கள். வேரைச் சுற்றி நார்த்தூள் உருண்டை ஒன்று இருக்கும். அதை உதிர்த்துவிட்டு இரண்டு நாள் நிழலில் காயவைத்து நடுங்கள். அந்த உருண்டையை உதிர்க்காமல் நட்டதும் என் செடிகள் செத்ததற்கு ஒரு காரணம்.

3. தண்ணீர்

இதில்தான் நான் விழுந்தேன். "வாரம் ஒரு தடவை" என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஞாயிறுதோறும் ஒரு டம்ளர் ஊற்றினேன். கோடையில் ஒன்றும் ஆகவில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது, நான் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய ஆரம்பித்தன. தாகம்போல என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்! ஒரு நாள் தொட்டியை நகர்த்தினேன், ரோஜா கையோடு வந்துவிட்டது. தண்டு கறுத்து நொசநொசவென்று இருந்தது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும், அது வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகும். எச்சிவேரியா ராத்திரி குளிரில் திறந்து, பகலில் மூடிக்கொள்ளும். அதனால் அது குடிப்பதே கொஞ்சம். சமவெளியில் மீதித் தண்ணீரைக் காற்றும் வெயிலும் உறிஞ்சிவிடும். இங்கே டப்பாவில் வைத்த அப்பளமே நமுத்துப்போகிறது, தொட்டி மண் எங்கே காயும்? குளிரால் செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இதன் சொந்த ஊரே பெரும்பாலும் மெக்சிகோவின் மலைகள்தான். குளிர் பழக்கம்தான், குளிரோடு சேர்ந்த ஈரம்தான் ஆகாது.

ஆகவே நாள் கணக்கை விட்டுவிட்டேன். இப்போது மூன்று விஷயம் பார்க்கிறேன். ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிஷம் விட்டு உருவுவேன். மண் ஒட்டினால் தண்ணீர் கிடையாது. அப்புறம் அடி இலையை இரண்டு விரலில் மெல்ல அமுக்குவேன். கல் மாதிரி இருந்தால் வேண்டாம், லேசாகத் தளர்ந்து சுருக்கம் விழுந்திருந்தால் சரி. கடைசியாக அடுப்படிக்குப் போய் கல் உப்பு ஜாடியைத் திறப்பேன். உப்பு கசிந்து ஈரமாக இருந்தால், மற்ற இரண்டும் சரியாக இருந்தாலும் அன்றைக்கு ஊற்றுவதில்லை. போன நவம்பரில் 34 நாள் ஒரு சொட்டுகூட விடவில்லை. ஒன்றும் சாகவில்லை.

ஊற்றும்போது அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள், காலை வேளையில், மண்ணில் மட்டும். அடுக்கின் நடுவே தண்ணீர் தேங்கினால் காலியான கண்மருந்துப் புட்டியால் உறிஞ்சி எடுங்கள். ஸ்பிரே பாட்டிலைத் துணி தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். இலை மேலிருக்கும் வெண்மையான மாவைத் துடைக்கவும் கூடாது. அது தூசி இல்லை, வெயிலுக்கும் ஈரத்துக்கும் செடி போட்டுக்கொண்ட மெழுகு. அக்கா கிள்ளிய தடம் கடைசிவரை போகவில்லை.

4. அழுகல் வந்துவிட்டால்

பழைய பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, ரோஜாவுக்குக் கீழே தண்டை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் மேலே. முழுக்க வெளிர்பச்சையாகத் தெரியும்வரை விடாதீர்கள். பிறகு காய்ந்த டம்ளர் வாயில் உட்காரவைத்து, வெட்டு வாய் காய்ந்து மூடும்வரை விடுங்கள். வெயில் காலத்தில் நாலைந்து நாள், பனியில் பத்து நாள்கூட ஆகும். அப்புறம் உலர்ந்த கலவையின் மேல் வைத்தால் போதும், மூன்று வாரத்தில் வேர் எட்டிப் பார்க்கும். அதுவரை தண்ணீர் வேண்டாம்.

மாவுப்பூச்சிக்கும் அதே ஸ்பிரிட்தான். மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, பூச்சி மேல் மட்டும் வையுங்கள்.

பிறகு சேர்த்தது: ஊட்டியிலிருந்து ஒருவர், தண்ணீரே விடாமல் ஜனவரியில் இலை நுனிகள் கறுத்துவிட்டன என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். இலைகள் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. உறைபனி விழும் ராத்திரியில் கண்ணாடி பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். இருட்டியதும் தொட்டியை மேசைக்கு நகர்த்திவிட்டு, காலையில் திரும்ப வையுங்கள். கோத்தகிரியில் எனக்கு இந்தத் தொல்லை வரவில்லை, அதனால் எழுத விட்டுப்போயிற்று.