றெயில் நூதனசாலைக்குப் போகும்போது நாங்கள் விடும் பிழைகள்

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் கிளிநொச்சிப் பக்கம் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "பிள்ளைகளைக் கண்டிக்குக் கிட்ட இருக்கிற கடுகண்ணாவை றெயில் நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, எப்படிப் போறது?" நான் இரண்டு முறை போய்வந்தேன். முதல் பயணத்தில் காசும் களைப்பும்தான் மிச்சம். இரண்டாவது பயணத்தைப் பற்றி என் பிள்ளைகள் இன்னும் கதைக்கிறார்கள். போன இடம் ஒன்றுதான். முதல் தடவை நாங்கள் விட்ட பிழைகளை மற்றவர்கள் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய பிழையை முதலில் சொல்கிறேன். முதல் பயணத்தில் அப்பம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். "முழங்கால் நோ, ஏறி இறங்க ஏலாது, ஏன் அலைக்கழிக்க வேணும்" என்று நாங்களே முடிவெடுத்துவிட்டோம். அங்கே போய் ஒவ்வோர் எஞ்சினுக்கும் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தோம். நான் பலகைகளை வாசித்துக் காட்டினேன். அரை மணித்தியாலத்தில் மகள் ஐஸ்கிறீம் கேட்கத் தொடங்கிவிட்டாள். அவளிலும் பிழை இல்லை. ஆண்டையும் இலக்கத்தையும் எட்டு வயதுப் பிள்ளை வைத்து என்ன செய்யும்?

அடுத்த முறை அப்பம்மாவும் வந்தா. சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்ட ஒரு கைவிளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டா.

"இதுமாதிரி ஒண்டுதான் மாங்குளம் ஸ்ரேசனிலயும் இருந்தது."

"நீங்கள் ஏனணை ஸ்ரேசனுக்குப் போனீங்கள்?" என்று மகன் கேட்டான்.

"பாலைப்பழம் விக்க. யாழ்தேவி வந்து நிண்டா சன்னல் சன்னலா ஓடுவம். கோச்சி வெளிக்கிடுறதுக்கு முன்னம் காசை வாங்கிப்போட வேணும்."

அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் போனது எங்களுக்குத் தெரியவில்லை. கொழும்புக்கும் வடக்குக்கும் இடையிலான யாழ்தேவி றெயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். அந்த ஆண்டை நான் முதல் முறையும் சொல்லியிருந்தேன், யாருடைய காதிலும் ஏறவில்லை. பாலைப்பழச் சரையோடு ஓடிய சிறுமி வந்த பிறகு அந்த ஆண்டு மகனுக்கு மறக்கவே இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் கோச்சியில் போன ஒருவர் உயிரோடு இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கதிரை ஒன்று கேட்டு வாங்கலாம், ஆறுதலாக நடக்கலாம், பாதியைப் பார்க்காமல் விட்டாலும் பரவாயில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, பிள்ளைகள் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது. "ஏன் அப்பா நீங்கள் சின்ன வயதில் றெயிலில போகேல்லை?" வன்னியில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி வரும். 1990 யூனில் போரால் வவுனியாவுக்கு வடக்கே றெயில் நின்றுபோனது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. அந்த இரும்புக்குக் கீழே நான் படுத்திருக்கிறேன், ஆனால் அதன்மேல் ஓடும் றெயிலை நான் முதன்முதலில் எங்கள் ஊரில் பார்த்தது 29 வயதில், 2013 செப்டெம்பர் 14இல் கிளிநொச்சிக்கு மீண்டும் றெயில் வந்த அன்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா விடுவதா என்று நானும் கனநாள் யோசித்தேன். கேட்ட அளவுக்குச் சொன்னேன். அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். எஞ்சினுக்கு முன்னால் நின்று அதைச் சொல்வது, வீட்டில் இருந்து சொல்வதை விட எனக்கும் இலகுவாக இருந்தது.

சரி, பயண விசயத்துக்கு வருவோம். விடியப் போய் இரவு திரும்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் வான் பிடித்துப் போனோம். போய்ச் சேரவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, மூன்று மணிக்கு ட்றைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஓர் இரவு கண்டியிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்குவதாகத் திட்டம் போடுங்கள். வானில் போனால் ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போங்கள்: எங்கள் வாசலால் போகும் ஏ9 வீதியை நாங்கள் ஏன் "கண்டி வீதி" என்கிறோம் என்று. அந்த வீதியின் மறுமுனை கண்டியில்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் அதன் முடிவைக் கண்ணால் பார்ப்பது அந்தப் பயணத்தில்தான். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போவதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முடியுமானால் றெயிலிலேயே போங்கள். றெயிலைப் பார்க்க வானில் போவது என் கணக்கில் பிழைதான். முல்லைத்தீவுக்கு றெயில் பாதை இல்லை, ஆகவே அங்கிருந்து வருபவர்கள் மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ வந்து ஏற வேண்டும். வடக்குப் பாதை பொல்காவலையில்தான் பிரதான பாதையோடு சேர்கிறது. அங்கே இறங்கிக் கண்டிப் பக்கம் போகும் வண்டிக்கு மாறலாம். கடுகதி வண்டிகளில் சில கடுகண்ணாவையில் நிற்காது, கேட்டுவிட்டு ஏறுங்கள். றம்புக்கணை தாண்டியதும் பாதை மலையேறத் தொடங்கும்: 45 அடி ஓடினால் ஓர் அடி உயரும் ஏற்றம். நீராவிக் காலத்தில் பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டித் தள்ளவைத்த இடம் அது. வன்னியின் தட்டையான நிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஏற்றமே பாதி நூதனசாலை. வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள், அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி வண்டியைத் தெரிந்தெடுங்கள். மழை காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை மூடப்படுவது உண்டு. புறப்பட முன் ஸ்ரேசனில் ஒரு வார்த்தை கேளுங்கள். நூதனசாலை அன்று திறந்திருக்குமா என்பதையும் முதல்நாளே விசாரியுங்கள்.

மழை என்றதும் குடை நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். ஓகஸ்டில் வன்னி காய்ந்துபோய்க் கிடக்கும், அந்த நினைப்பில் வெறுங்கையோடு போவோம். மலைநாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஓகஸ்டிலும் நனைக்கும். எஞ்சின்கள் பல வெளியில்தான் நிற்கின்றன. குடையும் வழுக்காத செருப்பும் வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் புட்டோ இடியப்பமோ பொதி கட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் பசியில் சிணுங்கமாட்டார்கள்.

இன்னொரு பிழை, எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடுவது. மூன்று பொருளைத் தெரிந்தெடுத்து அவற்றை ஆறுதலாக விளங்கப்படுத்தினால் போதும். நான் எப்போதும் முதலாவதாகச் சொல்வது டெப்லெற்றைப் பற்றி. மலைப்பாதையில் போவதற்கும் வருவதற்கும் ஒரே தண்டவாளம். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் என்ன செய்வது? என் மகனுக்குக் குளக்கட்டைக் காட்டி விளங்கப்படுத்தினேன். கட்டில் ஒரு ட்றக்டர்தான் போகலாம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார்கள், இருவருக்கும் சேர்த்து ஒரு வளையம்தான் உண்டு, அது கையில் இருப்பவர் மட்டும் கட்டில் ஏறலாம் என்று வைத்துக்கொள். றெயிலிலும் அதுதான். இரண்டு ஸ்ரேசனிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் கம்பியால் தொடுக்கப்பட்டவை. ஒரு பெட்டியில் இருந்து டெப்லெற் என்ற உலோகத் தட்டு ஒன்றை எடுத்துவிட்டால், அது மறுமுனையில் திரும்பப் போடப்படும்வரை எந்தப் பெட்டியும் இன்னொன்றைத் தராது. அந்தத் தட்டைப் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கோத்து றெயில் ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் அவர் புறப்படமாட்டார். மலைநாட்டுப் பாதையில் இந்த வளையம் கைமாறுவதை இன்றும் பார்க்கலாம், ஆகவே இதை முதலில் விளங்கப்படுத்திவிட்டுப் பிளாற்போமில் பத்து நிமிடம் நில்லுங்கள்.

இரண்டாவது, தண்டவாளத்தின் அகலம். ஐந்தரை அடி. பிள்ளைகளைக் காலடி வைத்து அளக்கவிடுங்கள், நூதனசாலைக்குள் நிற்கும் எஞ்சினுக்குக் கீழே மட்டும். மூன்றாவது, கனடா எஞ்சின்கள். 1954இல் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவில் இருந்து டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின, அவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள், ஒன்ராறியோ உட்பட. அந்த வகையில் சில இன்றும் ஓடுகின்றன. எங்கள் வீடுகளில் ஒன்ராறியோவில் சித்தப்பாவோ மாமியோ இல்லாத பிள்ளை குறைவு. எங்கள் ஆட்கள் அங்கே போகுமுன்பே அந்தப் பெயர் இங்கே தண்டவாளத்தில் ஓடியிருக்கிறது என்பது என் மகளுக்குப் பெரிய புதினமாக இருந்தது.

"வெள்ளைக்காரன் கட்டினது" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எனக்கு மிகவும் மனம் நோகும் பிழை. இலங்கையில் முதல் றெயில் 1864 டிசெம்பர் 27இல் கொழும்பில் இருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1867இல் கண்டியைத் தொட்டது. நூதனசாலையைத் திறந்ததும் அந்த முதல் ஓட்டத்தின் 150ஆவது ஆண்டு நிறைந்த நாளில், 2014 டிசெம்பர் 27இல். இவ்வளவு பணத்தைக் கொட்டி மலையைக் குடைந்தது கோப்பிக்காக. அந்தக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். அவர்களின் வழிவந்தவர்களில் பலர் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையில் இருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் இப்போது படிக்கும் பிள்ளைகளில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மலைப்பாதை யாரோ வெள்ளைக்காரனின் சாதனையாக மட்டும் தெரியக்கூடாது. கோப்பி மூட்டையைச் சுமந்தது யார், கல்லை உடைத்தது யார் என்று ஒரு கேள்வியாவது அந்த இடத்தில் கேளுங்கள்.

ஆபத்தான பிழையும் ஒன்று உண்டு. நூதனசாலை ஸ்ரேசனை ஒட்டியே இருக்கிறது. உள்ளே நிற்பது ஓடாத எஞ்சின், வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுவது உண்மையான றெயில். உள்ளே தண்டவாளத்தில் விளையாடிய சூட்டில் பிள்ளைகள் வெளியிலும் இறங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசலிலேயே சொல்லுங்கள். ஏறலாம் என்று சொல்லாத எதிலும் ஏறவிடாதீர்கள், பழைய இரும்பின் விளிம்பு வெட்டும்.

போக்குவரத்து வரலாறு என்றால் றெயில் மட்டும் என்று நினைப்பதும் குறைதான். நேரம் இருந்தால் அதே பக்கத்தில் கொழும்பு–கண்டி வீதியில் உள்ள வீதி நூதனசாலையில் பழைய நீராவி உருளைகளைப் பாருங்கள். அப்புறம் எங்கள் வீட்டுக் கதைக்கு வாருங்கள். பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைப் பீச்சிக் கிளப்புவோம். எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும், பின்னால் வெள்ளைப் புகை. இதை எந்த நூதனசாலையிலும் பலகை போட்டு எழுதிவைத்ததை நான் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியில் அதைச் சொல்லத் தொடங்கினால் வவுனியா வந்ததே தெரியாது.

கடைசியாக, வீட்டுக்கு வந்ததோடு அதை முடித்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு துண்டுத் தண்டவாளம் எங்காவது கிடக்கும்: மாடு கட்டும் கட்டையாக, கிணற்றடியில் முண்டாக, பள்ளிக்கூடத்தில் தொங்கும் மணியாக. அதன் நடுவில் ஒடுங்கிய பகுதியின் பக்கத்தில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பொங்கிய எழுத்தில் இருப்பது வழக்கம். பொச்சும் மணலும் போட்டுக் கறளைத் தேய்த்து, வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டு உரசினால் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பும். எங்கள் கிணற்றடித் துண்டை மகன் அப்படித்தான் உரசினான். முதல் இரண்டு எழுத்தைக் கறள் தின்றுவிட்டது. மிச்சத்தை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.