செல்ஃப் எடுக்காத பழைய ஜீப்: மோட்டாரைக் கழற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் அசையவில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே "செல்ஃப் மோட்டார் போச்சு" என்பார். எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார் அது. மோட்டாரைக் கழற்றி, கடையில் கொடுத்து, கார்பனும் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) புஷ்ஷும் (தண்டைத் தாங்கும் வளையம்) மாற்றித் திரும்ப மாட்டிய பிறகும் அதே 'டக்' கேட்கிற ஜீப்புகள் உண்டு. அவற்றில் மோட்டார் நன்றாகவே இருந்திருக்கும். அதற்குக் கரண்ட்தான் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது மஹிந்திரா எம்எம்540. 2112 சிசி பூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி. மலைத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகள் பலவற்றுக்கும், பெட்ரோலில் ஓடும் ஜிப்ஸிக்கும்கூட, டீசல் சம்பந்தப்பட்டவை தவிர, இதே முறை பொருந்தும்.

தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், உப்புத்தாள் போதும். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் சாவியைத் திருப்புவார், நீங்கள் மீட்டரைப் பார்ப்பீர்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சோதிக்கும்போது எஞ்சின் பற்றிக்கொள்ளக் கூடாது. அதனால் உதவியாளர், டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பட்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல, சீக்கிரம் சூடேறிவிடும்.

முதலில் காது

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

'டக்டக்டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டு லைட்டும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. சத்தமே இல்லை என்றால் சாவியிலிருந்து சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரைச் சந்தேகியுங்கள். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் எஞ்சின் சுற்றவில்லை என்றால், மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பல்சக்கரமான பெண்டிக்ஸ் வழுக்குகிறது.

கரகரவென்று பல் உரசும் சத்தம் வந்தால் ஃப்ளைவீலின் ரிங் கியரை (பெண்டிக்ஸ் பல் வந்து கோக்கும் பல்வளையம்) பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் ரிங் கியரின் பல்லும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் தேய்கிறது. கட்டையையும் ஹேண்ட் பிரேக்கையும் எடுத்து, டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, மறுபடி நியூட்ரலுக்கு வந்து, இரண்டையும் திரும்பப் போட்டு முயலுங்கள். இப்போது சுத்தமாக எடுத்தால் கோளாறு பல்லில்தான்.

எஞ்சின் நல்ல வேகத்தில் சுழன்றும் பற்றவில்லையா? அது செல்ஃப் பிரச்சினையே இல்லை. ஹீட்டர் பிளக் (சிலிண்டரைச் சூடாக்குவது), டீசல் குழாயில் காற்று அடைக்கும் ஏர் லாக் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

படி 1: பேட்டரி

வண்டி சில மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

அடுத்ததுதான் முக்கியமான அளவு. மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

ரீடிங் 10 வோல்ட்டுக்கு அருகிலோ மேலோ நின்று, எஞ்சினும் சுறுசுறுப்பாகச் சுற்றினால் எல்லாம் சரி. எட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகிப்போய் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கலாம். நல்லதென்று தெரிந்த வேறு பேட்டரியைப் போட்டுப் பார்த்தால் எது என்று பிரித்துவிடலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: எஞ்சின் சுற்றவில்லை, ஆனால் ரீடிங்கும் 12.4-ஐ விட்டு இறங்கவில்லை. அப்படியென்றால் கரண்ட் ஓடவே இல்லை, வழியில் எங்கேயோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஜீப்பில் இதை எதிர்பார்த்தே தேடுங்கள்.

படி 2: கேபிளும் எர்த்தும்

இந்த அளவு டீசல் எஞ்சினைச் சுழற்ற மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். அந்தக் கரண்ட் ஓடும்போது பச்சை பிடித்த ஓர் இணைப்பில் வெறும் 1 வோல்ட் தொலைந்தாலும் அங்கே 200 வாட் வெப்பமாகிறது. பார்வைக்கு கேபிள் நன்றாகத்தான் இருக்கும். கேபிள் நுனியில் உள்ள லக்குக்கு உள்ளே செம்புக் கம்பி கறுத்திருப்பதை மீட்டர்தான் காட்டும்.

பாசிட்டிவ் பக்கம்: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. மறுமுனை சொலினாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில். சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

எர்த் பக்கம் (கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி): ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், மறுமுனை செல்ஃப் மோட்டார் பாடியில் சுரண்டிய இடத்தில். இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்தால் கரண்டுக்கு நேர்வழி போய்விடும். கிடைக்கிற வழியில் திரும்பும்: ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள் என்று எது எஞ்சினைத் தொடுகிறதோ அது வழியாக. செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள்கள் சூடாவதைக் கண்டால் வேறு எதையும் தேடாதீர்கள், எர்த்தை முதலில் சரிசெய்யுங்கள். அந்தச் சூட்டில் கேபிள் இறுகி ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்டால் மலைச்சாலையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

படி 3: சொலினாய்டு

சொலினாய்டில் மெல்லிய வயர் வந்து சேரும் முனையில் டெஸ்ட் லாம்பை வைத்து சாவியைத் திருப்புங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சாவி சுவிட்ச், வயர், இடையில் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியவை. மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். ரிலே இல்லாத பழைய ஜீப்பில் சொலினாய்டின் முழுக் கரண்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போவதால் இது சாதாரணம். தனியாக ஒரு ரிலே போடுவது குறைந்த செலவில் நல்ல தீர்வு.

லாம்ப் எரிகிறது, 'டக்' சத்தமும் வருகிறது என்றால், மீட்டரை சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் இடையில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 'டக்' வந்த பிறகும் 12 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றால் உள்ளே செம்புக் காண்டாக்ட் கருகிவிட்டது; சொலினாய்டை மட்டும் மாற்றினால் போதும். பூஜ்யம் காட்டி, கேபிளும் எர்த்தும் சரியாக இருந்து, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால், இப்போதுதான் கோளாறு மோட்டாருக்குள் இருக்கிறது.

அந்த இரண்டு போல்ட்டுகளையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டுத் தீப்பொறி பறக்க 'டைரக்ட்' அடிப்பதைப் பலர் செய்வார்கள். வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் ஏறும்.

ஓடையைக் கடந்த பிறகு என்றால்

தண்ணீரில் இறங்கியபோது எஞ்சின் அணைந்து, பிறகு செல்ஃப் எடுக்கவில்லை என்றால், மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் இன்ஜெக்டர் அல்லது ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். செல்ஃப் மோட்டார் எஞ்சினின் அடிப்பக்கம் இருப்பதால் சேறும் அதற்குள் போகும். கார்பன் தன் கூட்டில் சிக்கிக்கொள்ளும். ஸ்பேனரின் கைப்பிடியால் மோட்டார் பாடியில் மெல்லத் தட்டியதும் ஓடினால் கார்பன் தேய்ந்தோ சிக்கியோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். மோட்டார் கனமானது, கடைசி போல்ட்டை எடுக்கும் முன் அடியில் ஒரு கை தாங்கட்டும். உள்ளே கார்பன் நீளம், கம்யூட்டேட்டர் (கார்பன் உரசும் செம்பு உருளை) கருகல், புஷ் ஆட்டம் மூன்றையும் பாருங்கள். புஷ் தேய்ந்தால், ஆர்மேச்சர் என்ற சுழலும் பாகம் அதைச் சுற்றியுள்ள ஃபீல்டு துண்டுகளில் உரசும். எஞ்சின் சூடான பிறகு மட்டும் செல்ஃப் திணறுவதற்கு இது ஒரு காரணம். பெண்டிக்ஸ் பல்சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் மாற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது மோட்டார் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து உலோகம் தெரியச் செய்யுங்கள். மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த முகம் வழியாகத்தான், அதனால் அங்கே பெயின்ட் அடிக்கக் கூடாது. போல்ட்டுகளை இறுக்கி, மைனஸைக் கடைசியாக மாட்டி, படி 2-இல் பார்த்த இரண்டு அளவுகளையும் மறுபடி எடுங்கள்.