காருக்கு அடியில் இருக்கும் அண்டர் கவரை கிளிப் உடைக்காமல் கழற்றுவது எப்படி?

முதன்முதலாக வீட்டில் ஆயில் மாற்ற உட்கார்ந்த அன்று, பார்த்து வைத்திருந்த வீடியோக்களில் எல்லாம் காருக்கு அடியில் படுத்ததும் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் கண்ணுக்கு நேரே தெரிந்தது. என் காரில் தெரிந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு மட்டும்தான், அதுதான் அண்டர் கவர். அதைக் கழற்றி முடிக்க இரண்டு மணி நேரம், ஆயில் மாற்ற அரை மணி நேரம். அதைப் பிடித்திருந்த ஏழு பிளாஸ்டிக் கிளிப்பில் நான்கு உடைந்து போனது. அந்த நான்கு கிளிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

இதை எதற்குத் திரும்ப மாட்ட வேண்டும், கழற்றித் தூக்கிப் போட்டால் என்ன என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழைத் தண்ணீரும் சேறும் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் அடிக்காமல் தடுப்பது இதுதான். சில கார்களில் முன்பக்கக் காற்று ரேடியேட்டர் வழியாகப் போவதற்கும் இதன் வடிவம் உதவுகிறது. கழற்றினால் என்ஜின் சத்தமும் கொஞ்சம் கூடும்.

காரைத் தூக்குவது

இதை நீட்டி எழுதப் போவதில்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ ஸ்டாண்ட் ஆகாது, நொறுங்கிவிடும். ஆயில் மாற்ற மட்டும் என்றால் முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் சரிவு மேடையான ராம்ப்புக்குத்தான் என் ஓட்டு. தாழ்வான காராக இருந்தால் பம்பர் ராம்ப்பில் இடிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கவரின் மேல் தேங்கியிருக்கும் மண் முதல் போல்ட்டைக் கழற்றும்போதே நேராகக் கண்ணில்தான் விழும். சைலன்சர் ஆறியிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

கிளிப்: நான் மாட்டிக்கொண்ட இடம்

போல்ட் ஒரு பிரச்சனையே இல்லை. பெரும்பாலான ஜப்பானிய, கொரிய கார்களில் 10 எம்எம் தலை, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் பிட், பல இடங்களில் டி25 சைஸ். சிக்கல் கிளிப்பில்தான், ஏனென்றால் தூரத்தில் இருந்து எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு வட்டமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் கழலும் விதம் வேறு. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் துணியால் தலையைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

நடு வட்டத்தின் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால், அங்கே தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நடுப் பின்னை வெளியே நெம்ப வேண்டும். அந்த நடுப் பின் கொஞ்சம் வெளியே வந்ததும் மொத்த கிளிப்பும் கையோடு வரும்.

நடுவில் வெட்டு எதுவும் இல்லாமல் லேசான குழி மட்டும் இருந்தால், அதை நெம்பக் கூடாது, உள்ளே அழுத்த வேண்டும். டொயோட்டா, ஹோண்டா கார்களில் இந்த வகை நிறைய. நான் உடைத்த நான்கும் இதுதான், இழு இழு என்று இழுத்தேன், எப்படி வரும்? சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அதோடு நிறுத்திவிடுங்கள். இன்னும் அழுத்தினால் பின் உள்ளே விழுந்துவிடும், அப்புறம் தேட வேண்டியதுதான். திரும்ப மாட்டும் முன், பின்னைப் பின்பக்கத்திலிருந்து தள்ளி தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்படி செய்து, கிளிப்பை ஓட்டையில் வைத்து, பிறகு பின்னைத் தலையோடு சமமாகும் வரை அழுத்துங்கள். இதைச் செய்யாமல் அப்படியே குத்தினால் கிளிப் பிடிக்காது, முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே விழுந்துவிடும்.

டூல் விஷயத்தில், முள்கரண்டி மாதிரி பிளவுபட்ட கிளிப் ரிமூவர் ஒன்று வாங்கிவிடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம், இரும்பில். போல்ட்டுக்கு சாதாரண டி ஸ்பேனர் போதும். தட்டித் தட்டிச் சுற்றும் மெஷினான இம்பாக்ட் கன்னைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், இதெல்லாம் சின்ன போல்ட், ஒரு தட்டில் தலை அறுந்துவிடும்.

கழற்றும் வரிசை

முதலில் ஒரு போட்டோ. அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கவரின் முன் விளிம்பு பம்பர் உதட்டுக்கு மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பதை. மாற்றி மாட்டினால் ஓட்டும்போது காற்று உள்ளே புகுந்து கவரையே கிழித்துவிடும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் நீளம் குட்டை மாறாது. நடுவில் இரண்டு போல்ட்டைக் கடைசிவரை விட்டுவைத்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு அவற்றைக் கழற்றுங்கள், இல்லையென்றால் தட்டு மூஞ்சியில்தான் இறங்கும். முன்பக்கம் கொக்கி இருந்தால் கவரைப் பின்னால் இழுத்துத்தான் இறக்க முடியும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்ப மாட்டுவது

மாட்டும் முன் கவரைத் துடையுங்கள். நான் சோம்பேறித்தனமாக அப்படியே மாட்டினேன், இரண்டு நாள் கழித்துத் தரையில் ஆயில் சொட்டு. டிரெயின் போல்ட் வாஷர் போச்சு என்று பதறி மறுபடி எல்லாவற்றையும் கழற்றினால், போல்ட் காய்ந்து கிடக்கிறது, சொட்டியது கவரில் தேங்கிய பழைய ஆயில். கம்பளம் மாதிரி இருக்கும் வகை கவர் ஆயிலைக் குடித்துவிடும், அதில் இன்னும் கவனம்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டு, பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டை நேராக வராது. கை இறுக்கத்துக்கு மேல் ஒரு சின்ன திருப்பு போதும்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயம். தலையில் கூட்டல் குறி இருக்கும் கிளிப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை என்றால், அதன் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிட்டது. ரிமூவரால் லேசாக வெளியே நெம்பிக்கொண்டே திருப்புங்கள், வரும். உடைந்தால் புதிது வாங்கும்போது தலையை அளக்காதீர்கள், கவர் ஓட்டையின் விட்டத்தை அளந்து கேளுங்கள்.

இன்னொன்று, போல்ட்டோடு சேர்ந்து, மேலே அது மாட்டியிருக்கும் கிளிப் நட்டும் சுற்றுவது. கவரைக் கொஞ்சம் வளைத்து, இடுக்கில் நோஸ் பிளையரை விட்டு நட்டைப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். அதுவும் முடியாமல் போல்ட் தலையை அறுத்துவிட்டால், புது நட் வாங்கும்வரை கேபிள் டை கட்டிச் சமாளிக்கலாம், ஆனால் சைலன்சர் பக்கம் இருக்கும் ஓட்டையில் கட்டாதீர்கள், உருகிவிடும்.