செமி ஹாலோ கிட்டார் ஊளையிட்டால் செய்யக் கூடாதவை

போன வாரம் ஒரு ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிட்டார் வாசித்த பையன் செமி ஹாலோவுக்கு, அதாவது நடுவில் மரக்கட்டையும் இரு பக்கமும் வெற்றிடமும் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாருக்கு, மாறி மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டாவது பாட்டில் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) கொஞ்சம் ஏற்றினான், கிட்டார் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. இடைவேளை விட்டதும் கிட்டாரை மடியில் கிடத்தி, மேல்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் துளை வழியாக மஞ்சள் ஸ்பாஞ்சை ஸ்க்ரூடிரைவர் முனையால் உள்ளே குத்தித் தள்ளத் தொடங்கினான்.

"நிறுத்துப்பா, என்ன பண்றே?"

"உள்ளே அடைச்சா நின்னுடும்னு சொன்னாங்க அண்ணா."

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அடைத்தேன். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் மனதில் உறுத்துகிறது. அந்தப் பையனிடம் நின்றபடியே சொன்னதை இங்கே உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். வால்யூமைக் குறை, ஆம்புக்கு முகம் காட்டி நிற்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எந்தச் சத்தம் என்று கேட்காமலே வைத்தியம் பார்ப்பது

ஃபீட்பேக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் செமி ஹாலோவில் வருவது இரண்டு வேறு நோய்கள். ஒன்று ஊளை: "ஊஊம்" என்று அடிவயிற்றில் கேட்கும் தாழ்ந்த சத்தம். ஆம்பிலிருந்து வரும் காற்றதிர்வு கிட்டாரின் மேல்பலகையையும் உள்ளே இருக்கும் காற்றையும் ஆட்டுகிறது. பலகை தந்தியை ஆட்டுகிறது, தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் அதைப் பிடித்து மறுபடி ஆம்புக்கு அனுப்புகிறது. இந்தச் சுற்றில் ஒவ்வொரு முறையும் சத்தம் கொஞ்சமாவது கூடினால் அது தானாக வளர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று கீச்சு: காதைக் கிழிக்கும் உச்ச சத்தம். இதில் உடலுக்குப் பெரிய பங்கு கிடையாது. பிக்கப்பின் கம்பிச்சுருளோ, அதன் மேல் இருக்கும் உலோக மூடியோ சரியாகப் பிடிக்கப்படாமல் தானே அதிர்ந்து மைக் போல வேலை செய்கிறது.

பிரித்தறிவது சுலபம். சத்தம் வரும்போதே ஆறு தந்திகளையும் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடியுங்கள். கீச்சு அப்படியே தொடர்ந்தால் பிக்கப்பைச் சந்தேகப்படுங்கள். சத்தம் அடங்கினால் அல்லது வெகுவாகக் குறைந்தால் அது தந்தியும் உடலும் சேர்ந்து போடும் ஊளை. அப்புறம் ஆம்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழை) சற்று ஏற்றி வைத்து, பிக்கப் மூடியை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எல்லாப் பிக்கப்பும் கொஞ்சம் "டொக்" என்னும். ஒன்று மட்டும் மேசையைத் தட்டியது போல உரக்கக் கேட்டால் குற்றவாளி அதுதான்.

இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாததுதான் அடுத்த தவறுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது.

உள்ளே ஸ்பாஞ்சு அடைப்பது

என் முதல் செமி ஹாலோவை வாங்கிய வருடம் அது. மேடையில் ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் டிரைவ் பெடலை மிதித்தாலே கத்தும். பழைய குஷன் ஒன்றைப் பிரித்து, அதன் ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாகக் கிழித்து, இரண்டு துளைகள் வழியாகவும் கைக்கு எட்டிய மட்டும் அடைத்தேன். அடுத்த நிகழ்ச்சியில் ஊளை குறைந்தது உண்மை. ஆனால் கிட்டாரின் குரலும் சேர்ந்தே போய்விட்டது. எந்த மூச்சுக்காக அந்தக் கிட்டாரை ஆசைப்பட்டு வாங்கினேனோ அதை நானே அடைத்துவிட்டேன். கீச்சோ துளியும் குறையவில்லை. அது பிரிட்ஜுக்கு (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகத்துக்கு) அருகில் உள்ள பிக்கப்பின் தளர்ந்த மூடியிலிருந்து வந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உடலை எவ்வளவு அடைத்தாலும் அது நின்றிருக்காது.

சரி, எடுத்துவிடலாம் என்றால் எடுக்க முடியவில்லை. துளைக்குள் போகும்போது சுருங்கிப் போன ஸ்பாஞ்சு உள்ளே விரிந்து உட்கார்ந்துகொண்டது. இடுக்கியால் இழுத்தால் நுனி மட்டும் பிய்ந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து டோன் குமிழைத் திருப்பினால் கரகரவென்றது, தந்தியைத் தொடாதபோது இரைச்சலும் ஏறியது. உள்ளே சிறு விளக்கை விட்டுப் பார்த்தேன். மஞ்சள் ஸ்பாஞ்சு பழுப்பாகிப் பொடிந்து, வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்துக் கிடந்தது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சுக்கு ஆயுள் அவ்வளவுதான். காற்றின் ஈரமே அதைக் கரைத்துவிடும். அந்தப் பிசின் ஒயர்களிலும் மரத்திலும் ஒட்டியிருந்தது. துளையின் விளிம்பில் ஸ்பாஞ்சு உரசிக்கொண்டிருந்த இடத்தில் வார்னிஷ் மங்கி, விரல் வைத்தால் ஒட்டியது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரில் இந்தக் கறை போகாது. ரப்பர் பூசிய ஸ்டாண்டில் நாள் கணக்கில் வைத்தாலும் இதே கதைதான்.

அதைவிடக் கொடுமை, எர்த் ஒயர் ஒன்று கழன்றிருந்தது. அடைக்கும்போது நான் தள்ளிய தள்ளலில்தான் அது பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

சாலிட் கிட்டாராக இருந்தால் பின்பக்க மூடியைத் திறந்து பற்றவைத்துவிடலாம். செமி ஹாலோவுக்கு முன்மாதிரியான கிப்ஸன் ஈ.எஸ். 335 வகைக் கிட்டார் பெரும்பாலானவற்றில் பின்னால் மூடியே கிடையாது. வால்யூம், டோன், ஸ்விட்ச், ஜாக் எல்லாமே எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதன் வழியாகத்தான் திரும்பப் போக வேண்டும். குமிழுக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) தண்டிலும் ஒரு நூலைக் கட்டி, நட்டைக் கழற்றி, உள்ளே இறக்கி, துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே நூலைப் பிடித்து இழுத்தால் பாட் தன் ஓட்டைக்குள் வந்து நிற்கும். நூல் நழுவினால் மறுபடி முதலிலிருந்து. எந்த நூல் எந்த ஓட்டைக்கு என்று எழுதி வைக்காவிட்டால் வால்யூம் இருந்த இடத்தில் டோன் வந்து நிற்கும். எனக்காக அதைச் செய்த டெக்னீஷியன் இரண்டு நாள் குனிந்தே இருந்தார். அவர் நேரத்தில் பாதி பிசினைச் சுரண்டுவதிலேயே போனது. அந்தக் கூலியில் நான் இரண்டு பிக்கப் வாங்கியிருக்கலாம்.

அதனால்தான் யாராவது ஸ்பாஞ்சும் ஸ்க்ரூடிரைவருமாக உட்கார்ந்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

துளையை அடைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் தன் கிட்டாரின் துளைகளில் துணியைத் திணித்து வாசித்தவர். 1980-இல் கிப்ஸன் அவர் பெயரில் வெளியிட்ட லூசில் மாடலில் எஃப் துளையே இல்லை. துளையை மூடினால் ஊளை குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் திரும்ப எடுக்க முடிகிற பொருளால் மட்டும் மூடுங்கள்.

நான் இப்போது செய்வது இது: பழைய பருத்தித் துணியை இறுக்கிச் சுருட்டி, நடுவில் ஒரு தடித்த நூலைக் கட்டி, நூலின் நுனி வெளியே தொங்குகிற மாதிரி துளையில் மட்டும் செருகுகிறேன். தடித்த தந்திப் பக்கத் துளையிலிருந்து தொடங்குங்கள். ஒயர்களும் குமிழ்களும் மெல்லிய தந்திப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடுக்கட்டை முழுதாக ஓடும் கிட்டாரில் இரண்டு பக்கமும் தனித்தனி அறைகள், ஆகவே ஒன்றை மூடி வாசித்துக் கேளுங்கள். பல சமயம் அந்த ஒன்றே போதும், குரலும் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் நூலை இழுத்து வெளியே எடுத்துவிடுங்கள். டேப் ஒட்டி மூட வேண்டாம், உரிக்கும்போது வார்னிஷும் கூட வந்துவிடும்.

நாய்ஸ் கேட்டை நம்புவது

சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒலியை அடைத்துவிடும் கருவி இது. கேட் மூடுவது நீங்கள் வாசிக்காதபோது. ஊளை வளர்வது நீங்கள் வாசிக்கும்போது.

வெளித்தோற்றத்தைப் பார்த்து செமி ஹாலோ என்று முடிவு செய்வது

1958-இல் வந்த ஈ.எஸ். 335-இன் சூட்சுமமே அதன் நடுவில் ஓடும் மரக்கட்டைதான். பிரிட்ஜும் பிக்கப்பும் அந்தக் கட்டை மேல் உட்கார்ந்திருப்பதால் மேல்பலகை அவ்வளவாக ஆடாது. ஆனால் அதே உருவத்தில், அதே இரண்டு கொம்போடு, உள்ளே கட்டையே இல்லாத கிட்டார்களும் இருக்கின்றன. ஈ.எஸ். 330, எபிஃபோன் கஸீனோ இரண்டும் அந்த வகை. இவை மெலிந்த ஹாலோ கிட்டார்கள். 335-இல் தாங்கும் கெயினை இவற்றில் வைத்துவிட்டு "என் கிட்டாரில் ஏதோ கோளாறு" என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு எதுவும் இல்லை, அதன் பிறப்பே அப்படி. எஃப் துளை வழியாக விளக்கடித்துப் பாருங்கள்: பிரிட்ஜுக்குக் கீழே மரச்சுவர் தெரிந்தால் நடுக்கட்டை இருக்கிறது. எதிர்ப்பக்கத் துளையின் வெளிச்சம் தெரிந்தால் இல்லை.

கம்ப்ரஸரை எப்போதும் போட்டு வைப்பது

கம்ப்ரஸர் உரத்த ஒலியை அடக்கி மெல்லியதை உயர்த்தும் கருவி. சுரம் தேயத் தேய அது சத்தத்தைத் தூக்கும், ஊளைக்கு அதுதான் தீனி.

அறையில் வைத்த டோனை மேடைக்கு அப்படியே கொண்டுபோவது

மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக விழுவதில்லை. அதனால் தனியாக வாசிக்கும்போது பேஸைக் கூட்டி வைக்கிறோம், நன்றாகவும் இருக்கிறது. அதே அமைப்பில் டிரம்ஸுக்கு ஈடாகச் சத்தத்தை ஏற்றினால் அந்தக் கூடுதல் பேஸ் முழுவதும் உடலின் அதிர்வெண்ணிலேயே போய் மோதும்.

முதலில் பேஸை உங்களுக்கு மெலிந்ததாகத் தோன்றும் அளவுக்குக் குறையுங்கள். பேஸ் கிட்டாரோடு சேர்ந்து கேட்கும்போது அந்த மெலிவு தெரியாது. அப்புறம் தடித்த இரண்டு தந்திகளில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நிதானமாக வாசித்துக்கொண்டே வாருங்கள். ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடப் பருத்துக்கொண்டு வரும். என் கிட்டாரில் அது தடித்த தந்தியின் மூன்றாவது ஃப்ரெட், ஜி, 98 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பெடலில் 100 ஹெர்ட்ஸ் குமிழை 4 டெசிபல் இறக்கினேன், மற்ற எதையும் தொடவில்லை. நான் இரண்டு வருடம் போராடிய ஊளையில் பெரும்பகுதி அதோடு போனது.

பிக்கப்புக்கு மெழுகு ஊற்ற அடுப்பில் நேராக வைப்பது

கீச்சிடும் பிக்கப்பின் தளர்ந்த கம்பிச்சுருள் அதிராமல் இருக்க அதற்கு மெழுகு ஏற்றுவார்கள். நேரடி நெருப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும், பாபின் (கம்பி சுற்றிய சட்டம்) உருகும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, வெப்பமானியோடு, 65 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் செய்யத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஊளை வந்தால் பின்னால் போய்க்கொண்டே இருப்பது

தூரம் கூடினால் ஊளை குறையும் என்பது சரிதான். ஆனால் சிறு மேடையில் எவ்வளவு தூரம்தான் போவது? தூரத்தோடு இன்னொன்றும் மாறுகிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆம்பிலிருந்து வரும் அலை உங்கள் கிட்டாரைத் தொடும்போது தந்தியின் அசைவோடு ஒத்துப்போனால் ஊளை வளரும், எதிராக இருந்தால் அடங்கும். 110 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தின் அலைநீளம் காற்றில் சுமார் 3.1 மீட்டர். அதில் பாதி, அதாவது ஒன்றரை மீட்டர் நகர்ந்தாலே ஒத்துப்போவது எதிராகிவிடும். பின்னால்தான் நகர வேண்டும் என்றில்லை, ஆம்பிலிருந்து உள்ள தூரம் மாறினால் போதும். ஆம்புக்கு முன்னால் வைக்கும் சில ப்ரீஆம்ப்களில் இருக்கும் ஃபேஸ் ஸ்விட்ச் அலையைத் தலைகீழாக்கிச் செய்வதும் இதைத்தான், நீங்கள் நின்ற இடத்திலேயே.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஊளையை அடியோடு ஒழிக்க நினைக்காதீர்கள். நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து நிற்கும்போது அது தேயாமல், மெல்ல மலர்ந்து பாடுகிற ஒரு இடம் ஒவ்வொரு மேடையிலும் இருக்கும். அந்தச் சுகத்துக்காகத்தானே இந்தக் கிட்டார்.

சவுண்ட் செக்கின்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தந்திகளைக் கையால் அடக்காமல் விட்டபடி ஆம்பைச் சுற்றி நடந்து பாருங்கள். அடங்கி இருக்கும் இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள், பாடும் இடத்தில் இன்னொரு நிறத்தில் ஒன்று. அந்தப் பையன் இப்போது பாட்டு முழுவதும் வெள்ளை டேப்பில் நிற்கிறான். சோலோவின் கடைசிச் சுரத்துக்கு மட்டும் இரண்டடி நகர்ந்து சிவப்புக்கு வருகிறான்.

அவன் உள்ளே தள்ளிய ஸ்பாஞ்சில் நான்கு துண்டுகளை அன்றே இடுக்கியால் எடுத்துவிட்டோம். ஐந்தாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.